டைக்குளோபினாக் கிட்னியைக் காப்பாற்றுமா? அப்பா தினமும் போடுகிறார்

வரம்போரம் (ஒட்டுசுட்டான்):
அப்பாவுக்கு 63 வயது, இன்னும் வயல் செய்கிறார், இரண்டு முழங்காலும் நோ. சிறுபோக வெட்டு நேரம் விடிய டைக்குளோபினாக் என்ற நோக் குளிசை ஒன்று, பின்னேரம் ஒன்று என்று போட்டுக்கொண்டுதான் வெயிலுக்குள் நிற்பார். பிரசருக்கு லோசாட்டனும் எடுக்கிறார். நான் வேண்டாம் என்றால், வாட்சப்பில் வந்த வீடியோவைக் காட்டுகிறார்: இந்தக் குளிசை ஒரு அன்டிஒக்சிடன்டாம், கிட்னிக்கும் பாதுகாப்பாம். உண்மையா? வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தக்காரரைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊதாநிறம்:
வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. டைக்குளோபினாக்கில் இரண்டு காபன் வளையங்களுக்கு நடுவே நைதரசனில் ஒரு ஐதரசன் இருக்கிறது, அதைச் சுயாதீன மூலிகத்துக்கு, அதாவது கலங்களைச் சேதமாக்கும் துடிப்பான துணிக்கைக்கு, கொடுத்து அடக்கலாம்; அப்படி அடக்குவதைத்தான் அன்டிஒக்சிடன்ட் என்கிறோம். ஆய்வுகூடத்தில் டிபிபிஎச் என்ற மூலிகத்தின் ஊதாக் கரைசலில் மருந்தைப் போட்டு, மூலிகம் அடங்க ஊதா மஞ்சளாக மாறுவதை 517 நானோமீற்றரில் அளப்பார்கள். ஆனால் அங்கே எவ்வளவு மருந்தும் ஊற்றலாம். 50 மில்லிகிராம் குளிசை போட்டால் இரத்தத்தில் உச்சமாக மில்லிலீற்றருக்கு ஒன்றிரண்டு மைக்குரோகிராம்தான் வரும், அதிலும் 99 சதவீதத்துக்கு மேல் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், மிச்சம் எதைப் போய்ப் பிடிக்கும்? எலியில் ஒட்சியேற்ற அழுத்தம் (மூலிகங்களால் வரும் சேதம்) குறைந்தது என்று காட்டினாலும் கவனமாகப் பாருங்கள். அழற்சி அடங்கினால் வெண்குழியங்கள் கக்கும் சுப்பர்ஒட்சைட் என்ற மூலிகமும் தானாகக் குறையும், அதற்கு மருந்தே மூலிகத்தைப் பிடித்தது என்று அர்த்தமில்லை. அளவு கூடினால் இதே மருந்து கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியைக் குழப்பி ஒட்சியேற்றத்தைக் கூட்டவும் செய்யும்.

வெள்ளைச்சட்டை (வவுனியா):
தங்கச்சி, நான் வார்டில் வேலை செய்கிறேன். வியர்த்துத் தண்ணீர் குறையும்போது கிட்னிக்கு இரத்தம் போகிற சின்னக் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரொஸ்டகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் பொருள். டைக்குளோபினாக் தடுப்பதே அதைத்தான், வலி குறைவதும் அதனால்தான். லோசாட்டன் வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் மற்றப் பக்கக் குழாயைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்து, வெயிலும் சேர்ந்தால் வடிகட்டுகிற அழுத்தம் விழுந்துவிடும், அன்டிஒக்சிடன்ட் கதை எதுவும் இதைச் சரிக்கட்டாது. லோசாட்டனை மட்டும் தயவுசெய்து நிறுத்தவேண்டாம்.

குளக்கட்டு:
எங்கள் மாமாவுக்குப் பெருங்குடலில் புண், மெசலசீன் எடுக்கிறார். அதையும் அன்டிஒக்சிடன்ட் என்றுதானே சொல்கிறார்கள்?

ஊதாநிறம்:
அது வேறு, அங்கே நான் கொஞ்சம் நம்புவேன். சல்பாசலசீன் என்ற பழைய மருந்தைக் குடல் பக்டீரியா உடைக்க வருவதும் மெசலசீன்தான். வேலை செய்கிற பகுதி அதுதான் என்று 1977இல் காட்டினார்கள். மெசலசீன் இரத்தத்தில் சுற்றித் திரியத் தேவையில்லை, பெருங்குடலுக்குள்ளேயே மிகச் செறிவாக நிற்கிறது, வெண்குழியங்கள் விடுகிற ஐப்போகுளோரசமிலம் என்ற ஒட்சியேற்றியையும் பெரொட்சி மூலிகங்களையும் பிடிக்கிற அளவு அங்கே இருக்கிறது. ஆனாலும் அதன் முழுப் பலனும் அதனால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், அது வேறு வழிகளிலும் அழற்சியை அடக்குகிறது. மாமாவும் இடைக்கிடை கிட்னி சோதனை செய்யவேண்டும், மெசலசீனும் அரிதாகக் கிட்னியைத் தாக்கும்.

வரம்போரம்:
சரி, அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுகிறேன். முழங்கால் நோவுக்கு வேறு என்ன கொடுப்பது?

வெள்ளைச்சட்டை (வவுனியா):
பரசிட்டமோல், அளவு மீறாமல். டைக்குளோபினாக் ஜெல் பூசினால் குளிசையில் சேர்வதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான் இரத்தத்துக்குப் போகும், ஆனாலும் டொக்டரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். கிளினிக் கொப்பியோடு போய் கிட்னி வேலை செய்வதைக் காட்டும் இரத்தக் கிரியட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள், கடையில் வாங்கிப் போட்ட குளிசைகளையும் மறைக்காமல் காட்டவேண்டும்.