மேக்காலத் தோட்டத்து உறவுகள்: ஞாயிறு ராத்திரி

ஞாயிறு

சித்தி, இரவு 8:47: (வீடியோ, 0:19)

சித்தி, 8:48: அக்கா, உங்கள் மகள் ஸ்டேட்டஸில் போட்டது. பார்த்ததும் எனக்குப் பொக்கென்று ஆகிவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளுகிறார்கள், நடுவில் ஒரு பையன் விழுகிறான். பக்கத்திலேயே நம்ம அம்மணி!

அம்மா, 8:50: சிநேகிதி வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றல்லவா சொல்லிவிட்டுப் போனாள்?

பெரியப்பா, 8:53: இது எந்தக் கட்சி ஊர்வலம்?

தம்பி, 8:53: கட்சி இல்லைங்க பெரியப்பா. பங்க் கச்சேரி.

பெரியப்பா, 8:54: பங்க்கில் எதற்குக் கச்சேரி? பெட்ரோல் இருக்கிற இடம், பட்டென்று பற்றிக்கொண்டால் யார் பதில் சொல்வது?

தம்பி, 8:54: 🙏

அம்மா, 8:58: போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். ஏழு தடவை அடித்துவிட்டேன்.

திருப்பூர் அண்ணன், 9:02: அந்தச் சத்தத்தில் போன் அடிப்பது எங்கே கேட்கப்போகிறது சின்னம்மா. கச்சேரி முடிந்ததும் அவளே கூப்பிடுவாள்.

சூலூர் அத்தை, 9:10: அண்ணா, நாளைக்குத் தேங்காய் போட ஆள் வருதுங்களா?

பெரியப்பா, 9:11: வருது. இப்போது அதுவா முக்கியம்?

நான், 9:36: அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். போனில் 4 சதவீதம்தான் சார்ஜ். ராத்திரி எல்லோரும் ஒட்டுக்கா சூலூர் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு செருப்புதான் காணோம்.

அம்மா, 9:36: எந்தச் செருப்பு?

அம்மா, 9:37: தீபாவளிக்கு வாங்கியதா?

அம்மா, 9:41: அம்மணி?

சூலூர் அத்தை, 11:52: அண்ணி, பயப்படாதீர்கள். ஐந்து பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பசங்கள் மூன்று பேர், பொம்பளைப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தனுக்குத் தலைமுடி சேவல் கொண்டை மாதிரி நின்றிருக்க வேண்டுமாம். மழையில் கரைந்து மூஞ்சியெல்லாம் வழிகிறது. அரிசியும் பருப்பும் வைத்தேன், குண்டா காலி. நெய் பாட்டிலும் காலி.

சூலூர் மாமா, 11:58: தலையில் இருப்பது கஞ்சி. பாவு நூலுக்குப் போடுகிற அதே கஞ்சி. பையன் சோமனூர், வீட்டில் தறி இருக்கிறது, சைசிங்கில் ஒரு டப்பா வாங்கி வந்து தலைக்கு அடித்திருக்கிறான். நூலுக்கென்றால் சூடான சிலிண்டரில் ஓட்டிக் காய வைப்பார்கள். இவன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காய வைத்தானாம். மழைக்கு எப்படி நிற்கும்?

திங்கள்

அம்மா, காலை 6:40: எழுந்தாயா? கிரகப்பிரவேசம் எந்த வீட்டில் நடந்தது என்று முதலில் சொல்.

நான், 7:22: பொய் சொன்னது தப்புதான் அம்மா. பங்க் என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பீர்களா? அந்தப் பொய்தான் என் செருப்புக்கும் வினை. கிரகப்பிரவேசத்துக்கு ஷூ போட்டுக்கொண்டு கிளம்ப முடியுமா? உடையைச் சிநேகிதி வீட்டில் மாற்றிக்கொண்டேன், காலுக்கு ஷூ மாற்ற மறந்துவிட்டேன்.

நான், 7:31: சரி, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூர் தாண்டி, மூடிக் கிடக்கிற பழைய நூல் மில்லின் குடோன் ஒன்று. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் 11 குழுக்கள். சோமனூர்க்காரன்தான் அதில் ஒரு குழுவுக்கு டிரம்ஸ். அதனால் நாங்கள் பார்க்கப் போனவர்கள் மாதிரியே இல்லை, சுமை தூக்கப் போனவர்கள் மாதிரிதான். காலையில் ஆறு மணிக்கே குட்டியானை வண்டியில் டிரம்ஸை ஏற்றினோம். ஒண்டிப்புதூரில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர்! ஆளுக்கொரு டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் நடந்தோம். ஏதோ கோயில் மேளம் என்று நினைத்து ஒரு பாட்டி கை எடுத்துக் கும்பிட்டார்கள்.

நான், 7:38: உள்ளே போனால் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வந்தால் டீசல் இல்லை. டீசல் வந்தால் மழை. கூரை ஒழுகி நேராக ஆம்ப்ளிஃபையர் மேலே சொட்டியது. தார்ப்பாய் கட்ட ஏணி கேட்டு நாலு வீடு அலைந்தோம். மூன்றாவது குழு பாடும்போது டிரம்ஸ் பெடலின் ஸ்பிரிங் போய்விட்டது. சைக்கிள் ட்யூபைக் கீறி இழுத்துக் கட்டினார்கள். கடைசிக் குழு வரைக்கும் அந்த ட்யூப்தான் தாங்கியது.

பெரியப்பா, 7:45: கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்குமே, அந்தக் கட்டடமா?

நான், 7:46: ஆமாங்க.

பெரியப்பா, 7:49: நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின் கரண்ட் வந்த பிறகு முளைத்த மில்களில் ஒன்றாக இருக்கும். கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்துத்தான் வைப்பார்கள். வெளிச்சம் வரும், வெயில் விழாது. அது கிடக்கட்டும். பங்க் என்றால் என்ன? தம்பி சொன்னது ஒன்றும் விளங்கவில்லை.

நான், 7:58: அது ஒரு பாட்டு வகைங்க பெரியப்பா. 1974இல் நியூயார்க்கில் ராமோன்ஸ் என்று நாலு பேர் ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் ராக் பாட்டு பெரிய பெரிய வித்வான்கள் விஷயமாகிவிட்டது, ஒரு கிடார் வாசிப்பே பத்து நிமிஷம் போகும். இவர்கள் கிடாரில் மூன்று கார்டு (சேர்த்து மீட்டுகிற ஸ்வரக் கட்டு) தெரிந்தால் போதும், இரண்டு நிமிஷத்தில் பாட்டை முடி என்று வந்தார்கள். 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பெரியப்பா, 8:01: அரை மணியில் 14 பாட்டா! நம்ம பக்கம் வள்ளி கும்மிக்கு மைக் சரி பார்க்கவே அரை மணி ஆகும்.

நான், 8:03: இன்னொன்று கேளுங்க. அந்த நாலு பேருக்கும் பின்பெயர் ஒன்றுதான், ராமோன். ஆனால் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே கிடையாது.

பெரியப்பா, 8:05: உறவே இல்லாமல் ஒரே கூட்டப் பெயரா? அப்புறம் பெண் கொடுத்து எடுப்பது எப்படி?

தம்பி, 8:05: 😂😂😂

சித்தி, 8:10: நீங்கள் எல்லோரும் சிரியுங்கள். அந்தப் பையன் விழுந்தானே, அவன் என்ன ஆனான்? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

நான், 8:21: அது சண்டை இல்லைங்க சித்தி. மேடைக்கு முன்னால் ஒரு வட்டம் விடுவார்கள். பாட்டு ஏறினதும் அதற்குள் இறங்கி இடித்துக்கொண்டு சுற்றி ஓடுவார்கள். அடிக்கக் கூடாது. எவன் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிறவன் உடனே தூக்க வேண்டும், எழுதி வைக்காத சட்டம் அது. வீடியோ 19 வினாடியில் நின்றுவிட்டது, அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. 20வது வினாடியில் நாலு கை அவனைத் தூக்கி நிறுத்திவிட்டது. அதில் ஒன்று என் கை.

நான், 8:27: என் செருப்பும் அங்கேதான் கழன்றது. யாரோ ஒருத்தர் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், யாருடையதோ வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று. ஆறடிக்கு மேல் இருப்பார், கழுத்தில் நாய்ச் சங்கிலி, உதட்டில் ஊக்கு. அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. கையை ஆட்டினேன், தெரியவில்லை. சுற்றிலும் அத்தனை பேர் இடிக்கிறார்கள், பாட்டு முடிகிற வரைக்கும் மனிதர் கையை இறக்கவில்லை. முடிகிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. அப்புறம் அவரையும் காணோம், செருப்பையும் காணோம்.

அம்மா, 8:28: தீபாவளிச் செருப்பா என்று கேட்டேன்.

திருப்பூர் அண்ணன், 8:40: அம்மணி, வீடியோவில் நீ போட்டிருக்கிற டி-ஷர்ட் எவ்வளவு?

நான், 8:41: 400 ரூபாய். பாடின ஒரு குழுப் பையன்களே அச்சடித்தது.

திருப்பூர் அண்ணன், 8:42: நெஞ்சில் இருக்கிற பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்.

நான், 8:44: விரிசல் விடுகிறது.

திருப்பூர் அண்ணன், 8:47: கியூரிங் பத்தவில்லை. மை 160 டிகிரி வரைக்கும் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது துவைப்பில் உரிந்து வரும். எதில் காய வைத்தார்கள்?

நான், 8:48: வீட்டு அயர்ன் பாக்ஸில்.

திருப்பூர் அண்ணன், 8:50: கடவுளே. துணி பரவாயில்லை, 180 ஜிஎஸ்எம் கனம் இருக்கும். அடுத்த தடவை அடித்ததை எடுத்துக்கொண்டு இங்கே வரச் சொல். ஞாயிற்றுக்கிழமை மிஷின் சும்மாதான் கிடக்கிறது, ஓட்டிக் கொடுக்கிறேன். காசு வேண்டாம், கரண்டுக்கு மட்டும் ஏதாவது கொடுக்கட்டும்.

பெரியப்பா, 9:05: (குரல் செய்தி, 0:41)

தம்பி, 9:08: அப்பாரு (தாத்தா) பேசியது. கத்திப் பேசியதில் என் போன் அதிர்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்: “கண்ணு, காதுல பஞ்சு வெச்சிருந்தயா? நான் நூல் நூக்கற ரிங் பிரேம்ல 31 வருசம் நின்னேன். மில்லு பூராம் பஞ்சு, காதுக்கு மட்டும் இல்லை. கையச் சாடை காட்டித்தான் பேசிக்குவோம். இன்னைக்கும் உங்க ஆத்தா திட்டறது எனக்குக் கேக்காது, அது ஒண்ணுதான் லாபம்.”

நான், 9:15: அப்பாருவிடம் எழுதிக் காட்டுங்க: வைத்திருந்தேன். பஞ்சு அவ்வளவாகத் தடுக்காதாம், அதனால் நுரை மாதிரி ஒன்றை உருட்டிக் காதுக்குள் விட வேண்டும், உள்ளே போய் அது உப்பி அடைத்துக்கொள்ளும். வாசலிலேயே ஒரு அக்கா உட்கார்ந்து 20 ரூபாய்க்கு விற்றார்கள். பக்கத்தில் அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்: சத்தம் 85 டெசிபல் என்றால் காது 8 மணி நேரம் தாங்கும், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். அதைப் படித்ததும் அப்பாரு ஞாபகம்தான் வந்தது. ஐந்து பேருக்கும் வாங்கினேன்.

பெரியப்பா, 9:31: காட்டினேன். தலையை ஆட்டினார். அது சரி, இந்த வட்டம், ஓட்டம், விழுந்தவனைத் தூக்குவது, இதெல்லாம் என்ன பெரிய அதிசயம்? நம்ம மாரியம்மன் கோயில் நோம்பியில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவதில் இல்லாததா? திடும் மேளம் அடித்து ஏறும்போது நம்ம பசங்கள் இடிக்காத இடியா? வருகிற செவ்வாய் ராத்திரி கம்பம் நடுகிறோம். உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வா. ஆடட்டும்.

நான், 9:34: நானும் நேற்று அதைத்தான் நினைத்தேன் பெரியப்பா. கம்பத்தாட்டம் மாதிரியே இருந்தது. பசங்கள் மூன்று பேரும் வருவார்கள், கேட்கவே வேண்டாம்.

நான், 9:36: நானும் இன்னொருத்தியும் வந்து என்ன செய்ய? எப்போதும் போலத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவா?

சித்தி, 10:12: (படம்: இனிய திங்கள் வாழ்த்துகள்)

அம்மா, 10:20: நம்ம ஊரில் பொம்பளைப் பிள்ளைகள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. இதையெல்லாம் குரூப்பில் பேசாதே.

சூலூர் அத்தை, 10:26: எட்டு வயதில் நான் கம்பத்தைச் சுற்றி ஆடியிருக்கிறேன். அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு. அண்ணாவுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் இறக்கிவிட்டுவிட்டார்கள்.

பெரியப்பா, 10:41: கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்.

தம்பி, 10:41: பெரியப்பா, நீங்கள்தானே கமிட்டி?

சூலூர் மாமா, 10:44: 😂

அம்மா, 10:52: அம்மணி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நான், 10:53: ஆமாம்மா. தீபாவளிக்கு வாங்கியதுதான்.