டாங்கிக்குப் பக்கத்தில் நின்று அளவெடுத்தவர்கள்

குன்னூரிலிருந்து:

விஜயந்தா டாங்கியை 35-இல் ஒரு பங்கு அளவில் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வருடமாகிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவரத் தொடங்கிய வண்டி. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸுடையது. கட்டியது நம் ஆட்கள். சென்னைக்குப் பக்கத்தில் பிறந்த டாங்கி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். அமெரிக்காவின் ஷெர்மனுக்கும் ஜெர்மன் டாங்கிகளுக்கும் ஒட்டிச் சேர்க்கும் கிட் நூறு விதத்தில் கிடைக்கிறது. விஜயந்தாவுக்கு நான் போன எந்தக் கடையிலும் இல்லை. அதனால் பிளாஸ்டிக் தகடு, செம்புக் கம்பி, ஈயக் குழாய் என்று ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுகிறேன்.

வரைபடம் இருந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். இந்த அளவில் 105 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் சரியாக 3 மில்லிமீட்டர். 3.17 மீட்டர் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். இதெல்லாம் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் பின்பக்க எஞ்சின் மூடியில் காற்றுப் போக வைத்திருக்கும் சட்டங்கள் எவ்வளவு சாய்வு, இழுவைக் கயிறு எந்தக் கொக்கியில் மாட்டும், விளக்குக்குப் போகும் வயர் எந்த ஓட்டையில் நுழைகிறது? இதற்கெல்லாம் வண்டியிடமே போக வேண்டும்.

போனேன். கோயம்புத்தூரில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறி புனேயில் இறங்கி, அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் பேருந்தில். அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) ராணுவத்தின் கவசப் படைப் பிரிவு 1994-இல் தொடங்கிய குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. மரத்தடியிலும் புல்வெளியிலும் டாங்கிகள் வரிசையாக நிற்கின்றன: மட்டில்டா, வாலன்டைன், சர்ச்சில், சென்சூரியன், பிரான்சின் ஏஎம்எக்ஸ்-13, பாகிஸ்தானிடம் கைப்பற்றிய பேட்டன்கள், 1971-இல் பிடித்த சாஃபி. உள்ளே நுழைந்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஒரே நாளில் நானூறு படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எதற்கும் உதவவில்லை. உச்சி வெயிலில் எடுத்ததால் சக்கரங்களுக்கு மேலே எல்லாம் கறுப்பு. எல்லாப் படமும் முன்பக்க மூலையிலிருந்து, அழகாக நிற்கும் கோணத்தில். எதிலும் அளவுகோல் இல்லை. ஒரு போல்ட் 3 சென்டிமீட்டரா 5 சென்டிமீட்டரா என்று சொல்ல வழியில்லை. பக்கத்தில் நின்று அகலக் கோணத்தில் எடுத்ததால் நேர்கோடெல்லாம் வளைந்துவிட்டது. அதைப் பார்த்துத் தகடு வெட்டினால் தகடும் வளைந்துதான் வரும்.

இரண்டாவது தடவை போனபோது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன். முதலில் கடிதம். 'ஆராய்ச்சி செய்ய வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. எந்தத் தேதி, எந்த வண்டி, எந்தப் பாகம், எத்தனை மணி நேரம், மேலே ஏற மாட்டேன், எதையும் திறக்கச் சொல்ல மாட்டேன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அடையாள அட்டை நகலையும் பாதி முடிந்த மாடலின் படத்தையும் வைத்தேன். அந்த மாடல் படம்தான் கதவைத் திறந்தது என்று நினைக்கிறேன். போனதும் ஒருவர் கூடவே வந்து, நான் குனிந்து அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் கருவிகள். ஒரு மரச்சட்டத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கறுப்பும் வெள்ளையும் அடித்து ஒவ்வொரு படத்திலும் பாகத்தோடு ஒட்டி நிற்க வைத்தேன். நேர்ப் படம் வேண்டுமென்றால் நன்றாகப் பின்னால் போய் ஜூம் செய்ய வேண்டும். காலை ஏழு, எட்டு மணி வெளிச்சம் நல்லது. மேகம் மூடிய நாள் அதைவிட நல்லது. டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், பத்து கோட் பெயின்டுக்கு அடியில் மறைந்த வெல்டிங் தழும்பும் வார்ப்பு எண்ணும் மேலே எழும்பி வரும். அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பீரங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துவாரத்தையும் அப்படித்தான் கவனித்தேன். தூரத்தைக் கணிக்க 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்று பீரங்கியோடு சேர்த்தே வைத்திருப்பார்கள். அதன் குண்டு விழுகிற இடத்தைப் பார்த்துத்தான் பெரிய குண்டை அடிப்பார்கள். என் மாடலில் அந்தத் துவாரமே இல்லை.

இவ்வளவும் செய்து முடித்த மாடலை அருவங்காட்டில் ஒரு டீக்கடையில் வைத்து, ஜெகதளா பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற தஃபேதார் (டாங்கிப் படையில் ஹவில்தாருக்கு இணையான பதவி) ஒருவரிடம் காட்டினேன். விஜயந்தா ஓட்டியவர். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, அளவெல்லாம் சரியா இருக்கு. ஆனா இது நிறுத்தி வெச்ச வண்டி. ஓடுற வண்டி இப்படி இருக்காது."

என்ன ஐயா குறை என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். டிரைவர் முன்னால் வலது பக்கம் உட்காருவார். ஏறி இறங்கும் இடத்தில் பூட்ஸ் பட்டுப் பட்டுப் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று இருக்கும். நான் அங்கே புத்தம்புதுப் பச்சை அடித்திருந்தேன். சக்கர நடுவில் கிரீஸ் கசிந்து அதில் ராஜஸ்தான் மணல் அப்பிக் கறுப்பாக இறுகியிருக்கும். டரட்டை, அதாவது பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதியை, சுற்றிப் படுக்கைச் சுருள், தண்ணீர் கேன், வலை என்று ஒரு குடித்தனமே தொங்கும். அருங்காட்சியக வண்டியில் அதெல்லாம் கழற்றப்பட்டு, பளபளப்பான பெயின்ட் அடிக்கப்பட்டு, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் சங்கிலிப் பட்டையின் தொய்வுகூட வேறு மாதிரி ஆகியிருக்கும். "செயின் டைட்டு பாக்கறதுதான் தினமும் எங்க முதல் வேலை" என்றார். எஞ்சின் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. லேலண்டின் எல்60, ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். பாலைவனத்து வெயிலில் அது சூடேறினால் படும் பாட்டை நாற்பது வருடம் கழித்தும் நேற்று நடந்ததுபோல் சொன்னார். அவர் கை டேபிளின் மேல் கியர் மாற்றிக்கொண்டே இருந்தது.

நானூறு படமும் இரண்டு பயணமும் தராத ஒன்றை அந்த ஒரு மணி நேரம் தந்தது. நம் மலையில் ஊருக்கு நாலு பேராவது முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை அவர்களைப் பாருங்கள். எல்லாருக்கும் எழுபது எண்பது வயதாகிறது.

இன்னொன்று: ஆர்வத்தில் வெலிங்டன் பக்கம் ராணுவப் பகுதியில் கேமராவைத் தூக்காதீர்கள். அது படையினர் வாழும், பயிற்சி பெறும் இடம். பார்க்க வேண்டியது இருந்தால் எழுதிக் கேட்டுவிட்டே போங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா சொன்ன பெயின்ட் விஷயத்தில் என் அனுபவமும் உண்டு. என்னுடையது டாங்கி இல்லை, ஜோங்கா என்ற ராணுவ ஜீப். அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்தது. இருபது வருடம் எங்கள் தோட்டத்தில் தேயிலை மூட்டையும் கேரட்டும் சுமந்தது. தெரியாதவர்களுக்காக: ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதலெழுத்துகள்தான் ஜோங்கா. நிஸ்ஸான் பேட்ரோலை அடிப்படையாக வைத்து ஜபல்பூரில் கட்டியது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கிட்டத்தட்ட நாலு லிட்டர். மலையில் அந்தப் பெட்ரோல் செலவு யாருக்குக் கட்டும்? அதனால் பெரும்பாலான ஜோங்காவில் எஞ்சினைக் கழற்றி டீசல் போட்டுவிட்டார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று இறங்கியபோது பம்பரை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன். நீலம், மஞ்சள், மறுபடி நீலம், அதற்கு அடியில் பச்சை. பச்சையின் மேல் வெள்ளையில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி! ராணுவ வண்டி எண் அம்பில்தான் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் வண்டி சேர்ந்த வருடம். அன்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டிக்கும் அவர் வயதில் பாதிக்கு மேல் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் அந்த அம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பச்சையையே திரும்ப அடிக்கத்தான் ஆசை. முடியாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்கிறது. ஏல வண்டி வாங்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் கடைசியில் மணல் நிறம் அடித்தேன். பம்பரில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பழைய அடுக்குகளைத் தேய்த்தபடியே விட்டு, மேலே வார்னிஷ் பூசிவிட்டேன்.

கொடைக்கானலிலிருந்து:

நான் அளப்பதில்லை, வரைகிறேன். அகமதுநகரில் ஜப்பானின் டைப் 95 டாங்கி எதிரில் மடக்கு நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்க்கும். பென்சில் வைத்திருந்தால் ஒவ்வொரு ரிவெட்டையும் எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணிக்கொண்டு வரும்போதுதான் அந்த வண்டி எவ்வளவு சின்னது என்று உறைத்தது. ஏழரை டன்னுக்கும் குறைவு, மூன்று பேர், அதிகபட்சக் கவசமே 12 மில்லிமீட்டர். என் சுண்டு விரல் கனம். 1944-இல் இம்பாலுக்கு வந்த ஜப்பானியர்களிடம் இந்த வகை டாங்கிகள் இருந்தன. இந்தக் கனத்துக்குப் பின்னால் மூன்று மனிதர்கள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பக்கத்தில் நின்ற பேட்டனை அன்று வரையவே இல்லை.

அண்ணாவுக்கு ஒரு கேள்வி: அந்தத் தஃபேதார் ஐயா சொன்னதை எங்காவது பதிவு செய்து வைத்தீர்களா?

குன்னூரிலிருந்து:

செய்தேன் அம்மா. முதல் நாள் கையில் ஒன்றும் இல்லை; அடுத்த வாரம் அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்தேன். மூன்று மணி நேரம் இருக்கிறது. இடையில் அவர் மனைவி வந்து, கல்யாணமான புதிதில் அவர் எழுதிய கடிதமெல்லாம் டீசல் வாசம் அடிக்கும் என்று சொன்னதும் அதில் இருக்கிறது.

மாடலை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். டிரைவர் ஏறும் இடத்தில் பச்சையைச் சுரண்டி, பென்சில் தூள் தேய்த்து இரும்பாக்கிவிட்டேன். படுக்கைச் சுருளுக்கு டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். இங்கே நாலு நாளாக மழை, பனிமூட்டம், எதுவும் காயவில்லை. காய்ந்ததும் முதலில் ஜெகதளாவுக்குத்தான் எடுத்துப் போகிறேன். சங்கிலித் தொய்வை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒட்டுவேன்.