டைக்கர் ஹைட்ஸ் கிறிஸ்துமஸ் விளக்குகள்: வயதான பெற்றோரை அழைத்துச் செல்வது பற்றி ஒரு கேள்வி

எடிசன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் வசிக்கிறோம். பாளையங்கோட்டையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். பொங்கலுக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். நியூ யார்க்கின் புரூக்ளினில் டைக்கர் ஹைட்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் ஒவ்வொரு டிசம்பரும் வீட்டுக்காரர்களே தங்கள் வீடுகளை விளக்குகளால் அலங்கரிப்பார்கள் என்றும், அதைப் பார்க்க ஊரே திரண்டு வரும் என்றும் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அன்று முதல் அப்பா தினமும் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்பாவுக்கு 71 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அரை மணி நேரம் நடந்தால் சற்று உட்கார வேண்டும். ரயிலில் போவது நல்லதா, காரில் போவது நல்லதா? எந்த நாள், எந்த நேரம் கூட்டம் குறைவாக இருக்கும்? இவ்வளவு விளக்குக்கும் ஒரு வீட்டின் இணைப்பு எப்படித் தாங்குகிறது என்பது அப்பாவின் தனிக் கேள்வி.

அம்மாவின் கேள்வி வேறு. நான் படங்களைக் காட்டியபோது அவர் சந்தோஷப்படவில்லை. "வாங்க என்று யாரும் கூப்பிடாமல், தெரியாத ஆட்கள் வீட்டு வாசலில் போய் நின்று எப்படி வேடிக்கை பார்ப்பது? அவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போய் வந்தவர்கள், முடிந்தால் அங்கே பக்கத்தில் வசிப்பவர்கள், சொல்லுங்கள்.

பே ரிட்ஜ் நடையன்:

நான் பக்கத்துப் பகுதியான பே ரிட்ஜில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டு மூன்று முறை அந்தத் தெருக்களில் நடக்கிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் மிகச் சிறியது. 11-ஆம் அவென்யூவிலிருந்து 13-ஆம் அவென்யூ வரை, 83-ஆம் தெருவிலிருந்து 86-ஆம் தெரு வரை, அவ்வளவுதான். இதற்கு வெளியேயும் அங்கங்கே அலங்கரித்த வீடுகள் உண்டு என்றாலும், 84-ஆம் தெருவைப் பார்த்துவிட்டால் பாதி பார்த்ததற்குச் சமம். 1980-களின் நடுவில் இந்த வழக்கம் தொடங்கியதும் அந்தத் தெருவில்தான். கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் பிரியம் கொண்டிருந்த தன் தாயின் நினைவாக ஒரு பெண்மணி வீட்டையும் முற்றத்தையும் நிரப்பினார். எதிர்வீட்டுக்காரர் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த நன்றிக்காக வாசலில் மிகப் பெரிய பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தினார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நகராட்சியோ வணிகர் சங்கமோ தொடங்கிவைத்த விழா அல்ல இது. உங்கள் அம்மாவின் கேள்விக்கு இதிலேயே ஒரு பகுதி விடை இருக்கிறது.

புரூக்ளினின் பல பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். அங்கே விளக்குப் போட ஜன்னலும் படிக்கட்டும்தான் கிடைக்கும். டைக்கர் ஹைட்ஸ் அப்படியில்லை. வால்டர் ஜான்சன் என்பவர் 1895-இல் இதைத் தனித்தனி வீடுகளும் புல்வெளிகளும் கொண்ட புறநகராகத் திட்டமிட்டு உருவாக்கினார். அந்தப் புல்வெளிகள் இருப்பதால்தான் இன்று குடிலும், கலைமான் வண்டியும், ஆளுயரத் தேவதூதர்களும் நிற்க இடம் இருக்கிறது. பின்னாளில் இங்கே பெருமளவில் குடியேறிய இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களே இந்த வழக்கத்தை வளர்த்தவர்கள். இப்போது சீனக் குடும்பங்களும் நிறைய வசிக்கின்றன.

விளக்குகள் நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாளுக்குப் பிறகு, ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அநேகமாக எல்லா வீடுகளும் தயாராகி, புத்தாண்டு வரை எரியும். சனி, ஞாயிறு தவிர்த்து, திங்கள் முதல் புதன் வரை ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் எந்த நாளுமே கூட்டம்தான். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுவதால், ஐந்து மணிக்கு அங்கே இருந்தால் போதும். ஏழு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வரும். ஒன்பது மணிக்குப் பல வீடுகளில் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

ரயிலில் வருவதானால், எடிசனிலிருந்து மன்ஹாட்டனில் உள்ள பென் ஸ்டேஷன் வந்து, ஒரு பிளாக் (ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்தது வரையான தூரம்) நடந்து ஹெரால்டு ஸ்கொயரில் டி என்ற நகர ரயில் ஏறி, 79-ஆம் தெரு நிலையத்தில் இறங்க வேண்டும். அது மேம்பாலத்தில் இருக்கும் நிலையம், படி இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து 13-ஆம் அவென்யூ வரை அம்மாவின் நடைக்கு இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆர் ரயிலில் 86-ஆம் தெரு வரை வந்தும் நடக்கலாம். தூரம் ஏறத்தாழ ஒரு மைல், ஆனால் வழி நேரானது, கடைகளும் உண்டு.

இனி அம்மாவின் கேள்வி. அவர் கேட்டதைப் போல இங்கே வருகிற பத்தில் ஒருவர் யோசித்தாலும் போதும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். வாசல் வரை வந்து பார்ப்பதை அந்த வீட்டுக்காரர்கள் விரும்புகிறார்கள், அதற்காகத்தான் செய்கிறார்கள். சிலர் வாசலில் நின்று குழந்தைகளோடு பேசுவதையும், தர்மத்துக்கு உண்டியல் வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் புல்வெளியில் கால் வைப்பது, படம் எடுக்கப் படிக்கட்டில் ஏறி உட்காருவது, கார் வெளியே வரும் வழியை மறித்து நிற்பது, காப்பிக் கோப்பையை வேலியோரம் விட்டுப்போவது ஆகியவை அவர்களுக்கு ஒவ்வோர் இரவும் நடக்கின்றன. எல்லாருமே அலங்கரிப்பதும் இல்லை. இருட்டாக இருக்கும் வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு மாதம் இதே நெரிசல்தான். நடைபாதையிலேயே நின்று பாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நடைபாதை எல்லாருக்கும் பொது.

மூன்று பிள்ளைகளின் தாய்:

கழிவறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தத் தெருக்களில் பொதுக் கழிவறை கிடையாது. 86-ஆம் தெருவிலோ 13-ஆம் அவென்யூவிலோ ஒரு கடையில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அங்கேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு பிறகு நடக்கத் தொடங்குங்கள். அம்மாவுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டு அழைத்துப் போங்கள். நடக்கும்போது குளிர் தெரியாது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஐந்து நிமிடம் நிற்கும்போதுதான் பாதத்திலிருந்து ஏறும். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையில் எடுத்துப் போனால் முழங்காலுக்கு நல்லது. என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம்.

ஸ்டேட்டன் தீவுக்காரன்:

நாங்கள் காரில் போனோம், அதனால் சொல்கிறேன். எடிசனிலிருந்து ஸ்டேட்டன் தீவு வழியாக, அங்கிருந்து புரூக்ளினுக்குப் போகும் வெரசானோ பாலம் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம் என்பது உண்மை. தீவுக்குள் நுழையும்போது ஒரு சுங்கமும், வெரசானோவில் போகும்போதும் வரும்போதும் சுங்கமும் உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம் என்று நினைத்தது எங்கள் தவறு. ஒரு சனிக்கிழமை இரவு மூன்று பிளாக் கடக்க ஐம்பது நிமிடம் ஆனது. முன்னால் ஒரு வேன் நடுத்தெருவில் நின்று ஆட்களை இறக்கியது. பின்னால் அந்தத் தெருவில் வசிக்கும் ஒருவர் தன் வீட்டுக்குள் காரைக் கொண்டுபோக முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைக் கண்ணாடியில் பார்த்த பிறகு எனக்கு எந்த விளக்கையும் ரசிக்க மனம் வரவில்லை. அந்த வரிசையில் நாங்களும் ஒருவர்தானே.

அம்மாவின் முழங்காலுக்காகக் கார்தான் வேண்டும் என்றால், வாரநாளில் நான்கரை மணிக்கே வந்து, பே ரிட்ஜ் பக்கம் பத்துப் பன்னிரண்டு பிளாக் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து 86-ஆம் தெருவில் ஓடும் பேருந்தையோ வாடகைக் காரையோ பிடித்து 12-ஆம் அவென்யூ முனையில் இறங்குங்கள்.

மின்பணி மேற்பார்வையாளர்:

அப்பாவின் கேள்வி என் தொழிலைச் சேர்ந்தது. இங்கே வீட்டின் சில பிளக்குகளுக்குச் சேர்ந்து மின்சாரம் கொண்டுபோகும் சாதாரணக் கிளைச் சுற்று 120 வோல்ட், 15 ஆம்பியர்; அதாவது 1,800 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து எரியும் சுமை என்றால் அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆக 1,440 வாட். கூரை விளிம்பில் வரிசையாகத் தொங்கும் பெரிய பழைய பல்பு ஒன்று 7 வாட் இழுக்கும். 200 பல்பைச் சற்றுத் தாண்டினாலே ஒரு சுற்றின் கணக்கு முடிந்துவிடும். அதே அளவிலான எல்.இ.டி. பல்பு ஒரு வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. முன்பு ஒரு சுற்றில் ஒரு பக்கக் கூரையை மட்டும் அலங்கரிக்க முடிந்த இடத்தில், இப்போது கூரை, மரம், வேலி மூன்றையும் அதே சுற்றில் கோத்துவிடலாம். பெரிய வீடுகளில் வெளி அலங்காரத்துக்கென்றே தனிச் சுற்றுகள் போட்டிருப்பார்கள். இப்போது பல வீட்டுக்காரர்கள் இதற்கென உள்ள நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். செலவு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். வெளிப்புறப் பிளக்குகளுக்கு, மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை நம் ஊரில் இ.எல்.சி.பி. என்று சொல்வோமே, அதைப் போன்ற பாதுகாப்பு கட்டாயம். மழையில் ஒரு மூட்டில் ஈரம் இறங்கினால் அந்த வரிசை அணைவது அதனால்தான்.

இன்னொன்றையும் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே விற்கும் சீரியல் செட்டின் பிளக்கிலேயே நகத்தால் தள்ளித் திறக்கக்கூடிய ஒரு சின்னக் கதவு இருக்கும். அதற்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஃபியூஸ். அளவுக்கு மீறி ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்தால் முதலில் போவது அதுதான்.

நீங்கள் எடிசனிலிருந்து புறப்படுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. இன்று உங்கள் ஊருக்குள் இருக்கும் மென்லோ பார்க்கில்தான் 1879 டிசம்பர் 31 இரவு தாமஸ் எடிசன் தன் மின்விளக்குகளைப் பொதுமக்களுக்கு எரித்துக் காட்டினார். அதைப் பார்க்க மக்கள் வருவதற்காகச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1882-இல், அவருடைய கூட்டாளி எட்வர்டு ஜான்சன் நியூ யார்க்கில் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்பல்புகளைப் பொருத்தினார். மின்சாரத்தால் எரிந்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அது.

எடிசன்வாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை போய் வந்தோம். பே ரிட்ஜில் காரை நிறுத்திவிட்டு, 12-ஆம் அவென்யூ முனையில் ஐந்து மணிக்கு இறங்கினோம். மடக்கு நாற்காலி அம்மாவுக்கு மிகவும் உதவியது. ஆறரை மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. அதற்குள் நாங்கள் 84-ஆம் தெருவையும் 83-ஆம் தெருவையும் பார்த்து முடித்திருந்தோம்.

முதல் இரண்டு வீடுகளுக்கு முன்னால் அம்மா தெருவின் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நின்றுகொண்டார். எவ்வளவு அழைத்தும் கடந்து வரவில்லை. மூன்றாவது வீட்டில் வேலியோரச் சீரியல் செட் ஒன்று அணைந்து கிடந்தது. வீட்டுக்காரர், அப்பாவின் வயதுதான் இருக்கும், மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பிளக்கைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் விறைத்துப்போய் அந்தச் சின்னக் கதவு அவருக்கு நகரவில்லை. முந்தைய நாள் இரவு நம் மின்பணி நண்பர் எழுதியதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் தன் கைப்பேசி வெளிச்சத்தை அவர் கைமேல் பிடித்தார். கதவு திறந்ததும் பழைய ஃபியூஸை வாங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "கறுத்துவிட்டது" என்று தமிழிலேயே சொன்னார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து புதியதை எடுத்துப் போட்டார். வேலியோரம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது.

அவர் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, தெருவுக்கு எதிரே நிற்கும் அம்மாவைப் பார்த்து, வாருங்கள் என்று கையால் அழைத்தார். அம்மா உடனே நாற்காலியை மடக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். அந்த வீட்டுக் குடிலுக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். புல்வெளிக்கு ஒரு முழம் தள்ளித்தான் நாற்காலியைப் போட்டார்.