ஸ்கிரீன் கழுவ எத்தில் லாக்டேட் சரிப்படுமா?

கொழிஞ்சாம்பாறை பிரிண்டர்:
வணக்கம். இங்கே சின்னதாக ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன், ஸ்டிக்கரும் கட்டைப்பையும்தான் அதிகம். பிவிசி இங்க் ஓட்டி முடித்ததும் மெஷ்ஷை (இங்க் இறங்கும் ஸ்கிரீன் வலையை) துடைக்க இதுவரை டோலுயீன் கலந்த தின்னர்தான். ஒற்றை ஷட்டர் கடை, பின்பக்கம் சன்னல் கிடையாது, மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினால் நெடி தலைக்கு ஏறிவிடும், கூட வேலை பார்க்கும் தங்கைக்குத் தலைவலி விடுவதே இல்லை. கோயம்புத்தூர் கெமிக்கல் கடையில் எத்தில் லாக்டேட் வாங்கிப் போங்கள், சோளத்தில் இருந்து எடுப்பது, ஒன்றும் செய்யாது என்றார்கள். விலைதான் நன்றாகவே கூடுதல். இங்க் கரையுமா, மெஷ்ஷில் படத்தைப் பதிக்கும் பூச்சான எமல்ஷன் தாங்குமா, இங்க்கிலேயே கலக்கலாமா?

கஞ்சிக்கோடு லேப்:
அண்ணா, சரக்கு நல்லதுதான், ஆனால் "ஒன்றும் செய்யாது" என்பதை நம்பாதீர்கள். மக்காச்சோள மாவையோ சர்க்கரையையோ நொதிக்க வைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும், அதோடு எத்தனால் சேர்த்துத் தண்ணீரைப் பிரித்தெடுத்தால் இந்த எத்தில் லாக்டேட். ஒயினில் இயல்பாகவே கொஞ்சம் இருக்கிறது, உணவுக்கு மணமூட்டவும் சேர்க்கிறார்கள். மண்ணில் போனாலும் திரும்ப லாக்டிக் அமிலம், எத்தனால் என்று இரண்டாக உடைந்து மட்கிவிடும். தண்ணீரோடும் கலக்கும், எண்ணெய்ப் பசையையும் பல பிசின்களையும் கரைக்கும், இப்படி இரண்டு பக்கமும் போகிற கரைப்பான் இது. சிப் தொழிற்சாலைகளில் ஃபோட்டோரெசிஸ்ட் என்கிற ஒளி பட்டால் மாறும் பூச்சைக் கரைக்கவும், பெயின்ட் உரிக்கவும் பயன்படுவது இதனால்தான்.

உங்கள் கடைக்கு முக்கியமானது வேறு. டோலுயீன் கொதிப்பது சுமார் 111 டிகிரியில், தீப்பிடிக்கும் ஆவி 4 டிகிரியிலேயே கிளம்பிவிடும், அதாவது நம் ஊரில் வருஷம் முழுக்க ஆபத்துதான். எத்தில் லாக்டேட் கொதிக்க 154 டிகிரி வேண்டும், ஃப்ளாஷ் பாயின்ட் (தீப்பிடிக்கும் ஆவி கிளம்பும் சூடு) 46-க்குப் பக்கம். ஆவி குறைவு என்பதால் நெடியும் குறையும். அதற்காகப் பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது. கண்ணில் தெறித்தால் பலமாகப் பாதிக்கும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று எப்படியும் வைத்தே ஆக வேண்டும், தங்கச்சிக்காகவாவது இந்த வாரமே வையுங்கள்.

நகரி ஸ்டிக்கர்:
நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் ப்ரோ. தின்னர் மாதிரி உடனே பறந்துவிடாது, மெஷ்ஷில் ஈரம் நின்றுகொண்டே இருக்கும், அதன்மேல் அடுத்த கலரை ஓட்டினால் ஓரமெல்லாம் கசிந்து எழுத்து தடித்துப்போகும். அதனால் முதல் துணியில் இங்க்கை எடுத்துவிட்டு, இரண்டாவதாக உலர்ந்த துணியால் அடிப்பக்கமும் மேல்பக்கமும் சேர்த்து ஒற்றி எடுங்கள். மெதுவாகக் காய்கிற அந்தக் குணம் இங்க்கில் உதவும். சித்தூர் வெயிலில் இங்க் மெஷ் கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், அப்போது ரிட்டார்டராக, அதாவது காய்வதைத் தாமதப்படுத்த, கொஞ்சம் ஊற்றினால் ஓடும். மொத்தத் தின்னருக்குப் பதிலாக ஊற்றினால் ஸ்டிக்கர் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டும். எமல்ஷனைப் படம் இல்லாத மூலையில் துடைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கம்பெனி எமல்ஷனும் ஒவ்வொரு மாதிரி. இங்க்கை இழுக்கும் ஸ்குயீஜியை எத்தில் லாக்டேட்டில் ஊறப் போடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

கொழிஞ்சாம்பாறை பிரிண்டர்:
ரொம்ப நன்றி. முதலில் ஒரு லிட்டர் வாங்கிப் பார்க்கிறேன். மட்கும் என்றால் கழுவின தண்ணீரை ஓடையில் விடலாமா?

கஞ்சிக்கோடு லேப்:
விடவே கூடாது அண்ணா. மட்குவது கரைப்பான் மட்டும்தான், அதில் கரைந்த பிவிசியும் நிறமியும் அப்படியே தண்ணீரில் போய்ச் சேரும், அந்த ஓடைக்குக் கீழேதான் தென்னந்தோப்புக் கிணறுகள் இருக்கின்றன. இங்க் துணியையும் கழிவையும் மூடின டப்பாவில் சேர்த்து, ஆபத்தான கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் கொடுங்கள். புது கேனையும் இறுக்கி மூடுங்கள், ஈரம் சேர்ந்தால் நாள்பட நாள்பட அமிலமாகிவிடும்.