கேமர் பிரவுசருக்கு மாறினால் உண்மையிலேயே பலன் உண்டா?

நள்ளிரவு ஆட்டக்காரன்:
என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். கேம் ஓடும்போது பக்கத்தில் குரோமில் அந்த கேமின் மேப் ஒரு டேபில், யூடியூப் ஒரு டேபில், அப்புறம் மூட மனசு வராத பத்துப் பன்னிரண்டு டேப். கொஞ்ச நேரம் நன்றாகப் போகும். ஆல்ட்-டேப் அடித்து பிரவுசருக்குப் போய்விட்டு கேமுக்குத் திரும்பினால் படம் திக்கித் திக்கி நகரும். கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் கேமர்களுக்கென்றே வந்த பிரவுசரான ஓப்பரா ஜிஎக்ஸ் போடு என்கிறார்கள். போட்டால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) ஏறுமா, இல்லை கீபோர்டைத் தட்டினால் சத்தம் வருமே, அதோடு சரியா?

பழைய மவுஸ்:
இரண்டு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எஃப்பிஎஸ் ஏறும் என்று நம்பிப் போடாதீர்கள். 2019-ல் வந்த அந்த பிரவுசருக்கு உள்ளே இருப்பதும் குரோமுக்கு அடித்தளமான குரோமியம்தான். குரோமில் கனமாக இருக்கும் பக்கம் அதிலும் கனமாகத்தான் இருக்கும். கடிவாளம் நம் கையில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரவுசர் எவ்வளவு ராம் எடுக்கலாம் என்று வரம்பு கட்டும் ராம் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. நான் ஆர்வக்கோளாறில் அதை 1 ஜிபிக்கு இழுத்து, வரம்பைத் தாண்டவே கூடாது என்ற ஆப்ஷனையும் போட்டேன். கேம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பாஸ் (கேமின் பெரிய வில்லன்) சண்டைக்கு நடுவே டிப்ஸ் பார்க்கத் தாவினால் அந்தப் பக்கம் முதலிலிருந்து லோட் ஆகும். அது வந்து சேர்வதற்குள் நான் செத்திருப்பேன். பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை, குடத்துத் தண்ணீரைச் சொம்பில் ஊற்றப் பார்த்தது நான்தான்.

பிறகு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், நெட்வொர்க் லிமிட்டருக்காக. ஆன்லைனில் ஆடும்போதே பிரவுசரில் பெரிய ஃபைல் எதையாவது இறக்கும் கெட்ட பழக்கம் எனக்கு. டவுன்லோட் மொத்த லைனையும் அடைத்துக்கொண்டால் கேமின் குட்டிக் குட்டி டேட்டா பாக்கெட்டுகள் பின்னால் வரிசையில் நிற்கும், பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம், எகிறும். பிரவுசருக்கு வேகத்தைக் கட்டிவைத்துவிட்டால் அந்த வரிசையே சேராது. பின்னணியில் கேம் கடையான ஸ்டீமின் அப்டேட் இறங்கினால் மட்டும் இதனால் ஒன்றும் ஆகாது, அது பிரவுசருக்கு வெளியே நடப்பது. கூடவே தரும் இலவச விபிஎன்னும் (இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். அதைப் போட்டதால் கேமில் பிங் குறைந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கட்டளை வரி:
இதற்காக பிரவுசரையே மாற்றுவானேன்? மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் பிரவுசரில் சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைக்கும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. குரோமில் அதே வேலைக்கு மெமரி சேவர் இருக்கிறது. இன்னொன்று, ஓப்பரா நார்வேயில் பிறந்த பிரவுசர் என்றாலும் 2016-ல் சீன முதலீட்டாளர்கள் வாங்கியது. சிலருக்கு அது உறுத்தும், எனக்கும் கொஞ்சம் உறுத்தும். குரோமை வைத்துக்கொண்டு பிரைவசி பேசுவதும் வேடிக்கைதான், சரி விடுங்கள்.

முதலில் குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும்.

நள்ளிரவு ஆட்டக்காரன்:
பார்த்தேன். நான் சந்தேகப்பட்ட யூடியூப் இல்லை, அந்த மேப் பக்கம் மட்டுமே 1.4 ஜிபி! போதாததற்கு எப்போது போட்டேன் என்றே நினைவில்லாத மூன்று எக்ஸ்டென்ஷன். அவற்றைத் தூக்கிவிட்டு மேப்பை போனில் திறந்து வைத்துக்கொண்டேன். திக்கல் முக்கால்வாசி போய்விட்டது. இருந்தாலும் ஜிஎக்ஸை இறக்கியிருக்கிறேன், கீபோர்டு சத்தத்தைக் கேட்க ஆசை.

பழைய மவுஸ்:
இரண்டு நாள் ரசிப்பீர்கள். மூன்றாம் நாள் அதை எங்கே அணைப்பது என்று இங்கேயே வந்து கேட்பீர்கள்.