சூசை வீட்டார் (சேலம் – ஏற்காடு), குடும்ப வாட்ஸ்அப் குழு

அருள் சித்தப்பா: மார்ச் 19 சூசையப்பர் திருநாள். வழக்கம்போல அப்பா நினைவாக நாலு ரோடு வீட்டில் சாப்பாடு. மட்டன் பிரியாணி சொல்லிவிடட்டுமா? பாய் இன்றே அட்வான்ஸ் கேட்கிறார்

ஸ்டெல்லா அத்தை: வெள்ளிக்கிழமை!!

ஸ்டெல்லா அத்தை: தவக்காலத்தில் கறியா அருளு

பிரின்ஸ்: எனக்கு டபுள்

சவேரி பெரியப்பா: யாரும் பதற வேண்டாம். தவக்காலத்து வெள்ளிகளில் 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது. ஆனால் அந்த வெள்ளியில் பெருவிழா, அதாவது திருநாள்களில் மிக உயர்ந்த நிலை, வந்தால் கடமை இல்லை, திருச்சபைச் சட்டம் 1251. சூசையப்பர் திருநாள் பெருவிழாதான். ஒருசந்தி வேறு. அது 18 முடிந்ததிலிருந்து 60-வது வயது தொடங்கும் வரை, அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான் கட்டாயம். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம்போல. முன்பெல்லாம் இன்னும் கடுமை, 1966-இல் ஆறாம் பவுல் பாப்பரசர்தான் தளர்த்தினார்

பிரின்ஸ்: இதைப் படித்து முடிப்பதற்குள் ஒருசந்தி முடிந்துவிடும் பெரியப்பா

கிரேஸ் சித்தி: எங்கள் சபையில் 21 நாள் உபவாச ஜெபம். எனக்கு ராத்திரி கஞ்சி மட்டும்தான். பிரியாணிக் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம்

சவேரி பெரியப்பா: மத்தேயு 6:17. நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவச் சொன்னார் ஆண்டவர். ஸ்டேட்டஸ் போடச் சொல்லவில்லை

கிரேஸ் சித்தி: யாரைச் சொல்கிறீர்கள் மாமா

அருள் சித்தப்பா: அண்ணா, விடுங்கள்

ஜெனி: அப்பாயிதான் இங்கே பிரச்சினை. போன வெள்ளி சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் வரை ஒன்றும் சாப்பிடவில்லை. இயேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில் இவர்களும் விழப் பார்த்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கையெல்லாம் ஜில்லென்று வேர்வை

சவேரி பெரியப்பா: 78 வயதில் கட்டாயமே இல்லை என்று அம்மாவிடம் எத்தனை தரம் சொல்வது

ஜெனி: "உன் தாத்தா இருந்தால் இப்படிச் சொல்வாரா" என்கிறார்கள்

ஸ்டெல்லா அத்தை: அப்பா பட்டினி கிடந்ததே இல்லை. தவக்காலம் வரும்போது காபி பறிப்பு முடிந்து தோட்டத்தில் வேலை குறைந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காமல் அந்தக் காசை ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு வைப்பார், லைன் வீடுகளில் எந்த அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும், இருட்டின பிறகு போய் அரிசியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். கேட்டால் நான் இல்லை என்பார். சட்டம் இடம் கொடுக்கிறது, சரி. எனக்குக் கறி இறங்காது

சவேரி பெரியப்பா: எசாயா 58:7. பசித்தவரோடு உணவைப் பகிர்வதுதான் நோன்பு

அருள் சித்தப்பா: அந்தத் தோட்டத்து மிளகில் எனக்கு வர வேண்டிய காசுக்கு வசனம் எதுவும் இல்லையா

சவேரி பெரியப்பா: அதை இங்கே பேசாதே

பிரின்ஸ்: 28 ஈஸ்டர். பிரியாணியை அன்றைக்குத் தள்ளிவிடலாம். 19 கஞ்சியும் பயறும், மிச்சக் காசு மலைக்கு

ஸ்டெல்லா அத்தை: நல்ல யோசனை. மேலே யார் கொண்டு போவது?

அருள் சித்தப்பா: பாய் மறுபடி கூப்பிடுகிறார். என்ன சொல்ல?

ஜெனி: அப்பாயி இன்றைக்கும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். யாராவது போன் செய்து சாப்பிடச் சொல்லுங்கள். வசனம் சொல்லாத ஆளாக இருந்தால் நல்லது