புதிய கோல்ஃப் டிரைவர் கைக்குப் பழக எவ்வளவு காலம் ஆகும்?

கேள்வி: காலைப்பனி

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஒரே டிரைவரை (முதல் அடியைத் தொலைவாக அடிக்க உதவும் நீண்ட கோல்ஃப் மட்டை) வைத்து ஆடிவந்த நான், ஆறு வாரங்களுக்கு முன்பு புதிய ஒன்றுக்கு மாறினேன். பழையதன் நீளம் 44.5 அங்குலம், லாஃப்ட் (பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வு) 9.5 பாகை, தலையும் இன்றைய அளவுக்குச் சிறியது. புதியதன் நீளம் 45.75 அங்குலம், லாஃப்ட் 10.5 பாகை, அதன் தலையோ விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவான 460 கன சென்டிமீட்டர். வாங்குவதற்கு முன்பு, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி இருந்த உள்ளரங்கில் முப்பது பந்துகளுக்கு மேல் அடித்துப் பார்த்தேன். பழையதைவிடத் தொலைவும் கூடியிருந்தது, சிதறலும் குறைந்திருந்தது. அந்த நம்பிக்கையில்தான் வாங்கினேன்.

மைதானத்தில் நிலைமை வேறாக இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரனாகிய நான் அடிக்கும் பந்துகளில் பாதிக்குமேல், இலக்குக்குச் சற்று இடப்புறமாகக் கிளம்பி, பாதி வழியில் வலப்புறம் வளைந்து, ஃபேர்வேயை (குறுக வெட்டிய புல்லுள்ள ஆட்டப்பாதை) தாண்டி உயர்ந்த புல்லுக்குள் போய் விழுகின்றன. ஒரு சுற்றில் இரண்டு மூன்று பந்துகள் மிக அழகாகப் பறக்கின்றன என்பதால் டிரைவரில் குறை என்று சொல்லவும் மனம் வரவில்லை. இதன் முகம் கார்பனால் ஆனது. பழைய டைட்டானியம் முகத்தின் கணீரென்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான ஒரு தட்டல் மட்டுமே கேட்பதால், பந்து முகத்தின் நடுவில் பட்டதா இல்லையா என்று என்னால் உணரவே முடியவில்லை.

பழகும்வரை பொறுத்திருப்பதா, தண்டும் தலையும் சேரும் கழுத்தில் உள்ள லாஃப்ட் அமைப்பை மாற்றிப் பார்ப்பதா, ஸ்விங்கையே (மட்டையை வீசும் முறையை) திருத்துவதா, அல்லது பழையதையே மீண்டும் பையில் வைத்துக்கொள்வதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நேர்கோடு

நண்பரே, எதையும் மாற்றுவதற்கு முன்பு, பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். கால் வியர்வைக்காக அடித்துக்கொள்ளும் பவுடர் ஸ்பிரேயை முகத்தில் மெல்லிய படலமாகத் தெளித்துவிட்டு அடித்தால், பந்து பட்ட இடத்தில் வட்டமான தடம் தெளிவாக விழும். பத்துப் பந்துகள் அடித்து, ஒவ்வொரு தடத்தையும் அந்தப் பந்து பறந்த விதத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. டிரைவரின் முகம் தட்டையானது அன்று. பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் மெல்லிய வளைவு கொண்டது. தண்டுக்கு அருகில் உள்ள ஹீல் பகுதியில் பந்து பட்டால், அந்த இடம் சற்று இடப்புறம் பார்த்திருப்பதால் பந்து இடப்புறமாகக் கிளம்பும்; அதே நேரத்தில் தலை தன் புவியீர்ப்பு மையத்தைச் சுற்றித் திரும்புவதால், பற்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுழற்றுவதைப் போல, பந்துக்கு வலப்புறச் சுழற்சி ஏறும். இடப்புறம் கிளம்பி வலப்புறம் வளைவதாக நீங்கள் எழுதியிருப்பது இதனோடு அப்படியே பொருந்துகிறது.

புதிய டிரைவர் ஹீலில் படுவதற்கு உங்கள் ஸ்விங் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. தண்டு ஒன்றேகால் அங்குலம் நீண்டிருக்கிறது. தலை பெரியதாக இருப்பதால் முகத்தின் நடுப்புள்ளியும் தண்டிலிருந்து முன்பைவிடத் தள்ளி இருக்கிறது. உங்கள் கால்கள் மட்டும் பதினோரு ஆண்டுப் பழக்கத்தில், பந்திலிருந்து அதே பழைய தொலைவில்தான் போய் நிற்கும். இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். தலையைத் தரையில் வைத்துப் பந்தை முகத்தின் நடுவுக்கு நேராக அமைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அசையாமல் கைகளால் தலையை டீயின் (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) உயரத்துக்குத் தூக்குங்கள். தலை வெளிப்புறம் நகர்ந்து, பந்து ஹீலுக்கு நேராக வந்திருப்பதைக் காண்பீர்கள். ஆகவே தரையில் வைக்கும்போது பந்து முகத்தில் ஹீலுக்கு எதிர்முனையான டோ பக்கம் சற்றுத் தள்ளித் தெரியும்படி நிற்பதுதான் சரி.

அடுத்ததாக, கைப்பிடியான கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இரண்டு வாரம் ஆடுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் 45 அங்குலத்துக்கும் குறைவான டிரைவரையே பயன்படுத்துகிறார்கள். நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும் என்பது உண்மைதான்; ஆனால் நடுவில் படாத வேகம் தொலைவாக மாறுவதில்லை.

பதில்: மணற்குழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். நீங்கள் ஒலியைப் பற்றி எழுதியதை மட்டும் இன்னும் சற்று ஆழமாகப் பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் நானும் டைட்டானியத்திலிருந்து கார்பன் முகத்துக்கு மாறியபோது அதில்தான் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தடுமாறினேன்.

நல்ல அடி எது என்பதைக் கைகள் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது. பழைய ஒலி வராதபோது அடி பலவீனமாக விழுந்துவிட்டது என்று மனம் முடிவு செய்துகொள்ள, அடுத்த குழியின் தொடக்க அடியில் நம்மை அறியாமலேயே பலத்தைக் கூட்டுகிறோம். தோள் முந்திக்கொள்கிறது, கைகள் பின்தங்குகின்றன, முகம் இலக்கை நோக்கித் திரும்பி மூடுவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. பந்து போய் விழுந்த இடத்துக்கு நடந்து சென்று பார்த்தபோதுதான், மந்தமாக ஒலித்த அடிகள் நான் நினைத்ததைவிடத் தொலைவில் கிடந்ததைக் கண்டேன். பவுடர் தடத்தைப் பார்க்கும் அதே வேளையில் ஒலியையும் கவனியுங்கள். நடுவில் பட்டபோது எழும் ஒலியும் ஹீலில் பட்டபோது எழும் ஒலியும் இந்தக் கருவியிலும் வேறுபடத்தான் செய்கின்றன; அந்த வேறுபாட்டைக் காது கற்றுக்கொள்ளக் கண் துணை நிற்க வேண்டும்.

உள்ளரங்கில் நன்றாக அடித்ததும் வியப்பில்லை. ஒரே இடத்தில் நின்று முப்பது பந்துகளைத் தொடர்ந்து அடிக்கும்போது, ஐந்தாறு பந்துகளுக்குள் உடல் அந்த நீளத்துக்கும் எடைக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மைதானத்தில் ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் பதினான்கு முறைதான் டிரைவரை எடுக்கிறோம், அதுவும் இடையில் அயர்ன், வெட்ஜ், பட்டர் போன்ற மற்ற மட்டைகள் எல்லாம் கையில் வந்துபோன பிறகு. பயிற்சித் திடலிலும் அதே வரிசையில் பழகுங்கள்: ஒரு டிரைவர், பிறகு ஒரு ஏழாம் எண் அயர்ன், பிறகு ஒரு வெட்ஜ், மீண்டும் டிரைவர். ஒவ்வொரு முறையும் பந்தின் பின்னால் போய் நின்று, இலக்கைப் பார்த்து, புதிதாக வந்து நில்லுங்கள். இப்படி அடிக்கும் இருபது பந்துகள் தொடர்ச்சியாக அடிக்கும் நூறு பந்துகளைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சித் திடலின் பந்துகள் பெரும்பாலும் நாம் ஆடும் பந்துகளைப் போலப் பறப்பதில்லை என்பதால், அங்கே கிடைக்கும் தொலைவை வைத்துக் கருவியை எடைபோடாதீர்கள்.

பதில்: தென்றல்வழி

நான் சற்று மாறுபடுகிறேன். இடப்புறம் கிளம்பி வலப்புறம் வளையும் பந்துக்கு ஹீல் அடி மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஸ்விங்கின் பாதை வெளியிலிருந்து உள்ளே வந்து, முகம் அந்தப் பாதையைவிடத் திறந்திருந்தாலும் (வலப்புறம் பார்த்திருந்தாலும்) இதே வடிவம்தான் கிடைக்கும். தடங்கள் நடுவிலேயே விழுந்தால் பொறுத்திருப்பதில் பயனில்லை. தண்டு உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய தண்டின் எடை, விறைப்பு இரண்டும் பழையதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. இருபது கிராம் இலகுவான தண்டு கைக்கு வந்தால், பின்னோக்கிய ஸ்விங்கின் உச்சியில் தலை எங்கே இருக்கிறது என்ற உணர்வே பலருக்கு மங்கிவிடுகிறது.

அமைப்பை மாற்றுவது தவறும் இல்லை. லாஃப்டை ஒரு பாகை கூட்டினால், தலையைத் தரையில் வைக்கும்போது முகம் சற்று மூடியே, அதாவது இடப்புறம் பார்த்தபடி, அமரும். நகர்த்தக்கூடிய எடை இருந்தால் அதை ஹீல் பக்கம் வைப்பதும் வலப்புற வளைவைக் குறைக்க உதவும். அதற்காகத்தானே அந்தத் திருகுகள் இருக்கின்றன?

பதில்: நேர்கோடு

தென்றல்வழி அவர்கள் சொன்ன மாற்றுக் காரணம் நியாயமானது. பவுடர் தடம் அதையும் தீர்த்துவைக்கும் என்பதால்தான் முதல் வேலையாக அதைச் சொன்னேன். அமைப்பை மாற்றுவதில் எனக்குள்ள தயக்கம் வரிசையைப் பற்றியது மட்டுமே. ஹீலில் பட்டுக்கொண்டிருக்கும்போது முகத்தை மூடி வைத்தால் வளைவு குறைந்ததுபோலத் தோன்றும்; பின்னர் நிற்கும் தொலைவு தானாகவே சரியாகி நடுவில் படத் தொடங்கியதும், அதே அமைப்பு பந்தை இடப்புறம் இழுத்துச் சென்றுவிடும். அப்போது எந்த மாற்றம் எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுற்று தொடங்கிய பிறகு திருகைத் திருப்பி அமைப்பை மாற்றி அதே சுற்றில் அடித்தால், விதிப்படி தகுதி நீக்கம். மாற்றிவிட்டாலும் அடிப்பதற்கு முன் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை. திருகும் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

பதில்: காலைப்பனி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

முதல் நாள் பத்துத் தடங்களில் ஏழு ஹீல் பக்கமாகவும், அவற்றில் ஐந்து நடுவுக்குக் கீழேயும் விழுந்திருந்தன. கீழே பட்டவை தாழக் கிளம்பி, பின்சுழற்சி மிகுந்து, மேலெழும்பித் தொய்ந்து விழுந்ததையும் அன்றுதான் தொடர்புபடுத்திப் பார்த்தேன். நேர்கோடு சொன்னபடி தலையைத் தூக்கிப் பார்த்தபோது பந்து ஏறத்தாழத் தண்டின் அடிக்கு நேராக நின்றதைக் கண்டு திகைத்துப்போனேன். அரை அடி என்று சொல்லும் அளவுக்கு இல்லை, இரண்டு விரற்கடை மட்டுமே பின்னால் நகர்ந்தேன். பந்தின் பாதி தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி டீயையும் உயர்த்தினேன். கிரிப்பில் ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்தேன். அமைப்பைத் தொடவில்லை.

கடந்த வாரச் சுற்றில் பதினான்கில் ஒன்பது ஃபேர்வேயில் விழுந்தன. மீதி ஐந்தில் மூன்று இன்னும் வலப்புறம்தான் போயின, அவை மூன்றும் சுற்றின் கடைசி ஆறு குழிகளில். களைப்பு வந்ததும் கால்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன போலிருக்கிறது. தென்றல்வழி கேட்ட தண்டின் எடையையும் பார்த்தேன்: பழையது 65 கிராம், புதியது 52. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது: இறக்கிப் பிடிப்பதற்குப் பதிலாகத் தண்டையே ஓர் அங்குலம் வெட்டிவிடலாமா?

பதில்: தென்றல்வழி

இப்போதைக்கு வேண்டாம். அரை அங்குலம் வெட்டினாலே ஸ்விங் எடை (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றுகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ மூன்று புள்ளிகள் குறையும். உங்களுக்கு ஏற்கெனவே இலகுவாக இருக்கும் கருவியில் தலையின் கனம் இன்னும் மறைந்துபோகும், பிறகு தலையில் எடை சேர்த்து ஈடுகட்ட வேண்டிவரும். வெட்டிய தண்டு மீண்டும் வளராது. இன்னும் ஒரு மாதம் இறக்கிப் பிடித்தே ஆடுங்கள். கிரிப்பில் கை நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டுநாடாவால் ஒரு மெல்லிய கோடு போடுவது பயிற்சித் திடலில் உதவும், ஆனால் போட்டிச் சுற்றுக்கு முன் அதை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் கடைசி ஆறு குழிகளின் தடங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு இங்கே எழுதுங்கள், தண்டை மாற்ற வேண்டுமா என்பதை அவற்றை வைத்துப் பார்க்கலாம்.